அவளிடம் கேள்வி கேட்டார்கள்

மரியே வாழ்க

சாந்தோம், சென்னை
8.9.1996, ஞாயிறு

பிரியமுள்ள நோயல் அண்ணாவுக்கு,

தங்கை கிளாடிஸ் எழுதுகிறேன். நானும் இவரும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? சமையலுக்கு வரும் அந்த அம்மாள் இன்னும் குழம்பில் உப்பை அள்ளிப் போடுகிறாளா, இல்லை உங்கள் நாக்கு ஆப்பிரிக்காவுக்குப் பழகிவிட்டதா? ஏரோகிராமின் ஓரமெல்லாம் கோணல்மாணலாக எழுதி உங்கள் கண்ணைக் கெடுக்கிறேன் என்று போன கடிதத்தில் திட்டியிருந்தீர்கள். அதனால் இந்தத் தடவை பரீட்சைத் தாளில் எழுதி உறைக்குள் போடுகிறேன். சொல்ல வேண்டியதும் கொஞ்சம் அதிகம்.

இன்று மாதா பிறந்தநாள். பத்து நாளாகக் காவி உடுத்தியவர்கள் நம் தெரு வழியாகப் பெசன்ட் நகருக்கு நடந்து போனபடியே இருந்தார்கள். காலைப் பூசைக்கு நானும் போனேன். கூட்டத்தில் என் செருப்பு ஒன்று போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தால் இவருக்கு ஒரே சிரிப்பு.

ஊரைப் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. மயிலாப்பூரில் பக்கிங்ஹாம் கால்வாய் நெடுகத் தூண் தூணாக நிறுத்தியிருக்கிறார்கள், பறக்கும் ரயிலுக்காக. ஊர்ப் பெயரை இனி இங்கிலீஷிலும் சென்னை என்றுதான் எழுத வேண்டுமாம். பள்ளிக்கூடத்து ரப்பர் ஸ்டாம்பையெல்லாம் மாற்ற வேண்டுமே என்று எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் புலம்புகிறார். ஜூனில் பெய்த மழையில் நம் வீட்டுப் பின்சுவர் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. கட்டி முடித்தாயிற்று, கவலைப்பட வேண்டாம்.

இனி நான் எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள்.

தெக்லம்மாள் மருத்துவக் கல்லூரிக்குப் போயிருந்தேன். அந்தப் பெயரை நம் வீட்டுக் கடிதங்களில் யாரும் எழுதி முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். அந்தப் பக்கம் பஸ் போனால்கூட நான் ஆற்றைத்தான் பார்ப்பேன், கட்டடத்தைப் பார்க்க மாட்டேன். அப்படிப்பட்டவளை அவர்களே கூப்பிட்டார்கள்.

நடந்தது இதுதான். என் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா டாக்டர் வஜீஹா. அந்தக் கல்லூரியில் பேராசிரியர். ஜனவரியில் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மகளின் மார்க்கைக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் வேறு விஷயம் பேசினார். அரசாங்கம் அனுப்புகிற மாணவர்கள் போக, மீதி இடங்களைக் கல்லூரி தானே பேட்டி வைத்து நிரப்புகிறது அல்லவா, அந்த இடங்களில் சேர்ந்தவர்கள் யார் யார் என்று அவர் பழைய வருஷங்களையெல்லாம் புரட்டிப் பார்த்திருக்கிறார். பெரும்பாலும் நாலைந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அதிலும் பாதிக்கு மேல் வீட்டில் ஏற்கெனவே டாக்டர் இருக்கிறவர்கள். “நாங்க யாரும் லஞ்சம் வாங்கல டீச்சர், அது உண்மை. ஆனா எங்களை மாதிரி இருக்கிற பசங்களாப் பார்த்து எடுத்திருக்கோம். அது எங்களுக்கே தெரியல” என்றார். சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. தேர்வு முறையை மாற்றி எழுத ஒரு சின்னக் குழு போடுகிறார்களாம். அதில் வெளியே இருந்து ஒரு பள்ளி ஆசிரியை வேண்டுமாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நான் யோசித்தது கல்லூரியைப் பற்றி இல்லை அண்ணா, உங்களைப் பற்றித்தான்.

நீங்கள் எதையும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் அறுபத்து நாலாம் வருஷத்தை நான் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறேன் என்று ஒருநாளாவது உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பதினெட்டு, எனக்குப் பதினாலு. கோயிலை ஒட்டிய அந்த ஓட்டு வீடு. விடிவதற்கு முன்னால் நைனா மணியடிக்கப் போவார். கோயில்பிள்ளை வீடு என்பதால் நம் உடம்பிலேயே மெழுகுதிரி வாசம் அடிக்கும் என்று பள்ளியில் கேலி செய்வார்கள். நீங்கள் பி.யு.சி. படித்த வருஷம் முழுக்கப் புத்தகத்தை என் கையில் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்வீர்கள். எனக்குப் பாதி வார்த்தை வாயில் நுழையாது. குளியலறைத் தகரக் கதவில் சாக்பீஸால் தவளையின் இதயத்தைப் பெரிதாக வரைந்து வைத்தீர்கள். அம்மா அதைக் கழுவிவிட்டுப் பிறகு விஷயம் தெரிந்ததும், நீங்கள் திரும்ப வரைகிறவரை வேறு யாரையும் குளிக்க விடவில்லை. நான் விலங்கியல் டீச்சர் ஆனதற்கு அந்தக் கதவுதான் காரணம். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை.

வகுப்பில் நீங்கள்தான் முதல். தெக்லம்மாள் கல்லூரியிலிருந்து பேட்டிக்குக் கடிதம் வந்தபோது, சீட்டே கிடைத்துவிட்டது போல நைனா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். லாசர் மாமாவின் பூட்ஸ் உங்களுக்கு ஒரு சைஸ் பெரிது, நுனியில் பஞ்சு அடைத்தோம். துணைக்குப் போ என்று அம்மா என்னையும் அனுப்பினாள். கல்லூரி வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நான் உட்கார்ந்திருந்தேன். காரில் வந்து இறங்கிய பையன்களைப் பார்த்து, இவர்களைவிட எங்கள் அண்ணா நெட்டை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வெளியே வந்தீர்கள். பஸ்ஸுக்கு நிற்கவில்லை. பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பழைய அடையாறு பாலத்தில் நடந்தீர்கள். பாதிப் பாலத்தில்தான் வாயைத் திறந்தீர்கள். “ஒரு கேள்விகூடக் கேக்கல கிளாடி.”

அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். கோயில்பிள்ளை என்றீர்கள். அப்படியானால் பூசைக்கு உதவி செய்வாயா, லத்தீன் தெரியுமா என்றார்கள். தெரியும் என்றதும், சொல்லு பார்ப்போம் என்றார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, கைகட்டி, பூசையில் சொல்லுகிற பதில்கள் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து ஒப்பித்தீர்கள். அவர்கள் தலையை ஆட்டி ரசித்தார்கள். ஒரு டாக்டர் மேசையில் தாளம் போட்டார். நல்ல பையன், போய் வா என்றார்கள். அவ்வளவுதான். தவளையின் இதயத்தைப் பற்றியோ, வேறு எதைப் பற்றியோ யாரும் கேட்கவில்லை. உங்களுக்கு முன்னால் போன கார்ப் பையனிடம் இரத்த ஓட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவன் வராந்தாவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தான்.

வீட்டில் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேட்டியில் உட்கார்ந்திருந்த நம் கோயில் சாமியாரே அடுத்த ஞாயிறு நைனாவைப் பார்த்துச் சொல்லிவிட்டார். நாம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். “பெரிய டாக்டருங்க முன்னாடி எம்புள்ள லத்தீன் சொல்லிக்கீறான். ஒரு எழுத்து தப்பலையாம். சாமியே சொன்னாரு” என்று நைனா அம்மாவிடம் சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நீங்கள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனீர்கள். வாசற்படியில் உங்கள் முதுகு தெரிந்தது. நைனா கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பட்டியல் வந்தது. உங்கள் பெயர் இல்லை. நீங்கள் பி.எஸ்ஸி. படித்தீர்கள், வாத்தியார் ஆனீர்கள், ஜாம்பியாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனீர்கள். நைனா இறந்தபோது தந்தி தாமதமாகக் கிடைத்தது என்று எழுதினீர்கள். அம்மாவுக்கு வந்தீர்கள், பள்ளி திறக்கிறது என்று உடனே கிளம்பிவிட்டீர்கள். நான் குறை சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் வஜீஹா மேடத்துக்குச் சரி என்று சொன்னேன்.

குழுவில் நாங்கள் மூன்று பேர். மூன்றாமவர் டாக்டர் ராமானுஜம். அபிராமபுரத்தில் வீடு, ரிட்டயர் ஆன பேராசிரியர், எழுபது வயது. தினமும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, பையில் ஒரு வெற்றிலைப் பெட்டி. பேட்டியே வேண்டாம், மார்க்கை மட்டும் பார்த்து எடுத்துவிடலாமே என்று நான் முதல் கூட்டத்தில் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “நாளைக்கு ஒரு நோயாளி இவாளை நம்பி உடம்பைக் காட்டப்போறான். மொகத்தைப் பாக்காம எப்படிம்மா எடுக்கறது?” என்றார். வஜீஹா மேடமும் அவர் பக்கம் நின்றார், ஆனால் காரணம் வேறு. மார்க்கும் இப்போது நேர்மையான கணக்கு இல்லை, தி. நகரில் இரண்டு வருஷம் கோச்சிங் போக வசதி இருக்கிறவன் வாங்குகிற மார்க்கையும், மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவன் வாங்குகிற மார்க்கையும் ஒரே தராசில் நிறுத்துவது எப்படி என்று கேட்டார். அதற்கு ராமானுஜம் சார், விளக்கைப் பார்த்து மார்க் போட ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது என்றார். மூன்று மாதம் இப்படியே சண்டை. கூட்டம் முடிந்து வெளியே வந்தால் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்போம்.

ஒருநாள் டீ குடிக்கும்போது உங்கள் கதையைச் சொன்னேன். என் அண்ணா என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையன் என்றேன். வஜீஹா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ராமானுஜம் சார் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார். பிறகு, “நான் அப்ப இங்க வரலை. ஆனா எல்லா காலேஜிலயும் அப்படித்தான் பண்ணுவோம். ஏழைப் பையன் பயந்துண்டு நிப்பான், அவனுக்குத் தெரிஞ்சதைக் கேட்டா பயம் தெளியும்னு கேக்கறது. அன்பாத்தான் பண்றோம்னு நெனச்சுண்டோம்” என்றார். எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வேலை கொஞ்சம் வேகமாக நடந்தது. பேட்டி எடுப்பவர்களுக்குப் பிள்ளையின் பெயர், பள்ளிக்கூடம், அப்பாவின் வேலை எதுவும் தெரியக்கூடாது, எண் மட்டும்தான். கேள்விகளை முன்கூட்டியே எழுதிச் சீட்டாக மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும், வருகிற பிள்ளை தானே எடுக்க வேண்டும், அதைத் தவிர வேறு எதையும் கேட்கக்கூடாது. தமிழிலும் பதில் சொல்லலாம். வீட்டில் முதல்முதலாகப் பன்னிரண்டாவது முடித்த பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதல் மார்க், அதை ஆபீஸிலேயே தனியாகச் சேர்த்துக்கொள்வார்கள். கடைசி விஷயத்துக்கு ராமானுஜம் சார் சம்மதிக்கச் சித்திரை முடிந்து வைகாசி வந்துவிட்டது. எதனால் மனம் மாறினார் என்று எங்களுக்குச் சொல்லவே இல்லை. பிரின்சிபால் சிஸ்டருக்குப் பல பெரிய மனிதர்களிடமிருந்து போன் வந்ததாம். புதுக் கட்டடத்துக்கு உதவுவதாக இருந்த ஒருவர் பின்வாங்கிவிட்டாராம். சிஸ்டர் அசரவில்லை. பேட்டி எடுக்க எங்கள் மூன்று பேரையே உட்காரச் சொன்னார்.

ஜூலையில் பேட்டி. அதே கட்டடம், அதே மாடிப் படி. மரத்தடியில் பெற்றோர்கள் நின்றிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளே போனேன்.

முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு பெண் வந்தாள். ஒல்லி, கறுப்பு, தலைக்கு எண்ணெய் தடவிப் படிய வாரியிருந்தாள். உட்காரச் சொன்னோம். டின்னில் கைவிட்டுச் சீட்டை எடுத்தாள். பிரிப்பதற்கு முன்னால், “தமிழ்லயே சொல்லலாமா சார்? வெளியே நின்னுக்கினு இருந்தப்ப ஒருத்தரு சொல்லலாம்னாரு, அதான் கேட்டுக்கிறேன்” என்றாள்.

பெயரை மறைத்தோம், ஊரை மறைத்தோம், அப்பாவை மறைத்தோம். அவள் வாயைத் திறந்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது. நாக்கை எங்கே கொண்டுபோய் மறைப்பது? மூன்று மாதம் சண்டை போட்டதில் இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ராமானுஜம் சார் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பேத்தியைப் பார்த்துச் சிரிப்பது போல. “எந்தப் பக்கம்மா நீ?” என்றார். “பட்டினப்பாக்கம் சார்” என்றாள். சீட்டைப் பிரிக்காமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். அதைப் பார்த்துவிட்டு அவர், “அட, சமுத்திரக்கரைப் பொண்ணு. பயப்படாதே. வலை இழுக்கறச்சே எல்லாரும் சேர்ந்து பாடுவாளே, அதுல ஒண்ணு பாடு பாப்போம்” என்றார்.

அண்ணா, அவள் எழுந்து நின்றாள். சீட்டை மேசைமேல் வைத்தாள். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, கைகட்டி, தொண்டையைச் செருமினாள். பாடச் சொன்னால் பாட வேண்டும், இவர்கள் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. கோபமோ வெட்கமோ எதுவும் இல்லை. நன்றாகப் பாட வேண்டும் என்ற கவலை மட்டும்தான்.

அந்த நிமிஷம்தான் எனக்கு நைனாவின் குரல் கேட்டது. நீங்கள் சாப்பாட்டிலிருந்து எழுந்துபோன அன்று, நீங்கள் கடற்கரையிலிருந்து திரும்புவதற்கு முன்னால், நைனா அம்மாவிடம் ஒன்று சொன்னார். நான் பாய் விரித்துக்கொண்டிருந்தேன். “இனிமே அவனைப் பூசைக்குக் கூப்டாதே. அவுங்க முன்னாடி ஒப்பிச்சது போதும்.” நைனா உங்கள்மேல் கோபத்தில் சொல்கிறார் என்றுதான் பதினாலு வயதில் நினைத்தேன். சாப்பாட்டை அவமதித்துவிட்டு எழுந்துபோனவனைப் பற்றி வேறு எப்படிச் சொல்வார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் உங்களைப் பீடத்துக்கு அழைக்கவே இல்லை. நீங்களும் அதைக் கோபம் என்றே எடுத்துக்கொண்டீர்கள். சீட் வாங்காத பிள்ளையை நைனா ஒதுக்கிவிட்டார் என்று ஒருமுறை எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பெண் தொண்டையைச் செருமியபோதுதான் புரிந்தது. நைனாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது அண்ணா. சாமியார் புகழ்ந்தது எதை என்று, உங்கள் முதுகைப் பார்த்து அவர் தெரிந்துகொண்டுவிட்டார். பெருமையாகச் சொன்ன வாயாலேயே, போதும் என்றும் சொல்லிவிட்டார். கோபம் உங்கள்மேல் இல்லை. “அவுங்க முன்னாடி” என்றுதான் சொன்னார். சாகும்வரை அவர் தினமும் அந்த மணியைத்தான் அடித்தார், அந்தச் சாமியாருக்குத்தான் உடுப்பு எடுத்துக் கொடுத்தார். ஆனால் தன் பிள்ளையை மட்டும் அவர்கள் முன்னால் திரும்ப நிறுத்தவில்லை. இத்தனை வருஷம் இந்த வார்த்தையை என் காதுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன், அர்த்தம் தெரியாமல்.

“சார், சீட்டில் அந்தக் கேள்வி இல்லை” என்றேன்.

நான் மெதுவாகத்தான் சொன்னதாக நினைத்தேன். சத்தமாக வந்துவிட்டதாம். ஓரத்தில் உட்கார்ந்திருந்த சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். ராமானுஜம் சார் என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் கைகட்டியபடியே நின்றிருந்தாள், பாடுவதா வேண்டாமா என்று தெரியாமல். அவர் முகம் சிவந்துபோயிற்று. டீக்கடையில் நான் சொன்ன பையன் அப்போது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். “உக்காரும்மா. நான் கேட்டது தப்பு. நீ பாட வேண்டாம். சீட்டைப் பிரிச்சுப் படி” என்றார். எழுபது வயது மனிதர், எங்கள் எல்லார் முன்னாலும், பதினேழு வயதுப் பெண்ணிடம் தப்பு என்று சொன்னார். அதையும் நான் எழுத வேண்டும்.

அவளுக்கு வந்த கேள்வி சிறுநீரகத்தைப் பற்றியது. வெயிலில் வெகுநேரம் வேலை செய்கிறவனுக்குச் சிறுநீர் ஏன் குறைகிறது, அதை எது கட்டுப்படுத்துகிறது என்று. முதல் பாதியை அழகாகச் சொன்னாள். வியர்வை, இரத்தத்தில் நீர் குறைவது, சிறுநீரகம் நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வது எல்லாம் வந்தது. எந்தச் சுரப்பி அதற்கு உத்தரவு கொடுக்கிறது என்ற இடத்தில் தடுமாறி, அட்ரினல் என்றாள். பிட்யூட்டரி என்று சொல்லியிருக்க வேண்டும். ராமானுஜம் சார் விடவில்லை. “யோசி. தலைக்குள்ள இருக்கற சுரப்பியா, வயித்துல இருக்கற சுரப்பியா?” என்று குறுக்குக் கேள்வி போட்டார். அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். அட்ரினல்தான் என்றாள். சரி, இருக்கட்டும் என்று தலையசைத்து, மேற்கொண்டு கேட்டுக்கொண்டே போனார். மற்றப் பிள்ளைகளை எவ்வளவு வறுத்தெடுத்தாரோ அவ்வளவு இவளையும் வறுத்தெடுத்தார். எனக்கு வந்தது அழுகையா சந்தோஷமா என்று சொல்லத் தெரியவில்லை.

பட்டியல் வந்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. கூடுதல் மார்க்கைச் சேர்த்தும் கொஞ்சத்தில் தவறிவிட்டாள். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தையல்காரரின் மகளுக்குக் கிடைத்திருக்கிறது. டாக்டர்களின் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள், அவர்களும் நன்றாகப் படித்தவர்கள்தான். முன்பு பார்க்காத சில முகங்கள் இந்த வருஷம் அந்த மாடிப் படியில் ஏறுகின்றன என்று வஜீஹா மேடம் சொன்னார். பெரிய மாற்றம் வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணின் பெயர் ஜொவிட்டா என்பதே பட்டியல் ஒட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல வந்தது பட்டியலைப் பற்றி இல்லை. பேட்டி நடந்த அன்று சாயங்காலம் நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே அவள் அம்மா மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும், “இன்னாடி ஆச்சு?” என்றாள். இவள் ஓடிப்போய், “கிட்னி பத்திக் கேட்டாங்கமா. பாதி கரெக்டா சொல்ட்டேன். பாதி தப்பாப் பூட்ச்சு. அந்தப் பெரியவரு உடவே இல்ல, நோண்டி நோண்டிக் கேக்குறாரு” என்றாள். அந்த அம்மா கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, “சரி, நடந்துக்கினே சொல்லு. இன்னா இன்னா கேட்டாங்க, ஒண்ணு உடாம சொல்லு” என்றாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். அந்தப் பெண் கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். தெருமுனை திரும்புகிறவரை பேச்சு நிற்கவே இல்லை.

அவளிடம் கேள்வி கேட்டார்கள் அண்ணா. அவள் தப்பாகப் பதில் சொன்னாள். தோற்றுப்போனாள். அதை அவளால் அம்மாவிடம் சொல்ல முடிந்தது.

அடுத்த வருஷமும் விண்ணப்பம் போடப்போகிறாளாம். போன வாரம் ஆபீஸுக்கே வந்து, எங்கே மார்க் போயிற்று என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போயிருக்கிறாள். இப்படியெல்லாம் வந்து கேட்கலாமா என்று கிளார்க்குக்கு ஆச்சரியம். கேட்கலாம் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்.

இன்னொரு விஷயம். ராமானுஜம் சார் இந்த வருஷத்தோடு போதும் என்று விலகிக்கொண்டார். எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. “நான் பழைய ஆள்மா. சட்டம் எழுதிட்டேன், ஆனா வாய் பழசாவே இருக்கு” என்றார். தன் இடத்துக்கு யார் வேண்டும் என்பதையும் அவரே சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். அறிவியல் நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும், பிள்ளைகளோடு பேசிப் பழகியவராக இருக்க வேண்டும், இந்த ஊர் டாக்டர்கள் யாருக்கும் கடமைப்படாதவராக இருக்க வேண்டும் என்று. அப்படி யாரையாவது தெரியுமா என்று சிஸ்டர் என்னைக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யார் பெயரையும் சொல்லவில்லை.

டிசம்பரில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. அதை நீட்டிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பதில் கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று காலையில் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். மாடியறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் காற்று கதவை அறையும், அது ஒன்றுதான் குறை. இவரும் சீட்டாட ஆள் இல்லாமல் தனியாக உட்கார்ந்திருக்கிறார். உடனே முடிவு சொல்ல வேண்டாம். உங்கள் இஷ்டத்துக்கு மாறாக எதையும் கேட்க மாட்டேன்.

ஆனால் ஜூலையில் அந்தப் பெண் திரும்பவும் அந்த மாடிப் படி ஏறி வருவாள். எதிரே உட்கார்ந்து அவளிடம் கடினமாகக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டும், அண்ணா.

மாதா உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். என்னையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை
கிளாடிஸ்